ஆரணியில் கட்டிய ஓராள் கூடாரம்

நான் மலேசியாவில், ஈப்போவில் கடை வைத்திருப்பவன். காட்டில் போய்த் தங்குகிறவர்களுக்கு வேண்டிய சாமான்கள் விற்கிறேன்: சின்ன அடுப்பு, தலையில் மாட்டும் விளக்கு, கயிறு, தூங்கும் பை. எல்லாவற்றையும்விட அதிகம் விற்பது ஓராள் கூடாரம். சுருட்டினால் ஒரு தேங்காய் அளவுதான் இருக்கும்; எடை ஒரு கிலோவைத் தாண்டாது. இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டினால் கொசுவலையும் மழைத்துணியும் சேர்ந்த தொட்டில். மரம் இல்லாத இடத்தில் இரண்டு கழியும் நான்கு முளையும் இருந்தால் அதையே தரையில் நிறுத்திக்கொள்ளலாம். சனி ஞாயிறில் மலையேறுகிற வங்கிக்காரர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் வந்து வாங்குவார்கள்.

முரளியும் அப்படித்தான் வந்து வாங்கினான். ஆரணிக்காரன், முப்பத்தொரு வயது, எங்கள் ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்ய வந்தவன். போன மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை, சுண்ணாம்புக் குன்றுகளுக்குக் கீழே அவன் கட்டியிருந்த கூடாரத்தின் மேல் மரம் சாய்ந்து விழுந்து செத்துப்போனான். உடலை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கூடாரத்தில் என் கடையின் துணிச்சீட்டு தைத்திருந்ததால் போலீஸ்காரர்கள் என்னிடம் வந்தார்கள். விசாரணை முடிந்த பிறகு வேறு யாரும் கேட்டு வராததால் அவன் பையையும் என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பைக்குள் ஒரு காகிதத்தில் அவன் தங்கை தனத்தின் போன் நம்பர் இருந்தது. அழைத்தேன். "அண்ணன் சாமான் எதுவா இருந்தாலும் குடுத்துடுங்க. அப்பா கேட்டுகினே இருக்கார்" என்றாள். கூரியரில் போட்டிருந்தால் ஒரு வாரத்தில் போய்ச் சேர்ந்திருக்கும். கூடாரத்தை அலசிக் காயவைத்தேன். மரம் விழுந்ததில் மழைத்துணி ஒரு முழத்துக்குக் கிழிந்திருந்தது, அதை என் கடை மெஷினில் தைத்தேன். பிறகு கடையைப் பூட்டிவிட்டு நானே கிளம்பினேன். "ஒரு தடவையாவது இந்தியாவைப் பார்க்கணும்" என்று மனைவியிடம் சொன்னேன். அது பொய்.

முதல் நாளே பையைத் தொலைத்தேன். சென்னையிலிருந்து வந்த பஸ்ஸில் நல்ல கூட்டம். பெரிய பை மடியில் இருந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு இடைஞ்சல் என்று கண்டக்டர் அதை வாங்கி முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் போட்டார். செய்யாறு தாண்டியதும் தூங்கிவிட்டேன். "ஆரணி, ஆரணி" என்ற குரலில் திடுக்கிட்டு எழுந்து, கூட்டத்தோடு தள்ளப்பட்டு, பின்வாசல் வழியாக இறங்கினேன். பஸ் திரும்பி ஸ்டாண்டை விட்டு வெளியே போன பிறகுதான் கை வெறுமையாக இருப்பது உறைத்தது.

நடந்ததைச் சரியாகவே சொல்ல வேண்டும். முதலில் எனக்குப் பதற்றம் வரவில்லை. நிம்மதி வந்தது. பை தொலைந்துவிட்டது, இனி அந்த வீட்டுக்குப் போக வேண்டியதில்லை, இப்படியே திரும்பிவிடலாம் என்று ஒரு நிமிடம் அங்கேயே நின்றேன். என் முழியைப் பார்த்த ஆட்டோக்காரர் ஒருவர் என்ன என்று விசாரித்தார். சொல்லி முடிப்பதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

"ஜல்தி ஏறுங்க சார். அந்த வண்டி சேத்துப்பட்டு போவுது. அங்க டீ குடிக்க நிப்பான். புடிச்சிடலாம்."

இருபது கிலோமீட்டருக்கும் மேலே. எங்கள் ஊரில் அந்தத் தூரத்துக்கு யாரும் முச்சக்கர வண்டியில் போக மாட்டார்கள், முச்சக்கர வண்டியே இல்லை. வழியெல்லாம் நெல் வயல். எதிரே வந்த லாரிகள் எங்களைச் சாலை ஓரத்து மண்ணில் தள்ளிக்கொண்டே போயின. "நீங்க சிலோனா சார்? பேச்சு ஒரு மாதிரி இருக்குது" என்றார். மலேசியா என்றேன். "பைக்குள்ள இன்னா, தங்கமா?" என்று சிரித்தார். ஒரு செத்தவனுடைய சாமான் என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு வண்டியை இன்னும் விரட்டினார்.

பஸ் அங்கே நின்றிருந்தது. கண்டக்டர் டீ கிளாஸை வைத்துவிட்டுப் பையைத் தூக்கிக் கொடுத்தார். "இன்னா சார், இத்தினி பெரிய பைய மறந்துட்டு எறங்குவாங்களா? நல்லா பேஜார் பண்ணீங்க" என்றார். ஆட்டோக்காரர் பையை என்னிடம் தராமல் திரும்பும் வழியெல்லாம் தன் காலுக்கடியிலேயே வைத்துக்கொண்டார். என்னை லாட்ஜ் வாசலில் இறக்கிவிடும்போதுதான் இரண்டு கைகளாலும் எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் லாட்ஜுக்கு எதிரே பொங்கலும் வடையும் சாப்பிட்டேன். மிளகும் நெய்யுமாக நல்ல பொங்கல். எங்கள் ஊரில் பொங்கல் என்று கொடுப்பது கஞ்சி. பாதிக்கு மேல் இறங்கவில்லை. "நல்லா இல்லீங்களா?" என்று பரிமாறுகிறவர் இரண்டு தடவை கேட்டார். நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

முரளியின் வீடு நெசவாளர் தெருக்களில் ஒன்றில் இருந்தது. முன் அறை முழுவதும் தறி. தறியைச் சுற்றி நடக்க ஒரு ஆள் ஒருக்களித்துப் போகும் இடம். அதற்குப் பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் சின்னக் கொல்லை. தறியில் உட்கார்ந்திருந்த தனம் எழுந்து வந்தாள். இருபத்தாறு வயதிருக்கும். முரளியின் அதே புருவம். அவளுடைய அப்பா ஏழுமலை அரிசி ஆலையில் டிரைவராக இருந்து ஓய்ந்தவர். அம்மா முன்பே போய்விட்டார். எனக்கு நாற்காலி போட்டுவிட்டு அப்பாவும் மகளும் தரையில் உட்கார்ந்தார்கள். நானும் இறங்கி உட்கார்ந்தேன்.

பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். இரண்டு சட்டை, ஒரு பேன்ட், டார்ச், ஒரு ஸ்டீல் தம்ளர். கடைசியில் கரும்பச்சைச் சுருட்டாக அந்தக் கூடாரம்.

"இது இன்னாங்க?" என்றார் ஏழுமலை.

"கூடாரம்யா. லீவு நாள்ல மலைக்குப் போய்த் தங்குறதுக்கு. எங்க ஊர்ல நிறையப் பேர் போவாங்க. முரளிக்கு அதுல ரொம்ப ஆசை. அப்படிப் போனப்பதான்..."

இதை விமானத்திலேயே தயார் செய்து வைத்திருந்தேன். சொல்லும்போது குரல்கூட மாறவில்லை. கிழவர் தலையாட்டினார். பையன் பொழுதுபோக்காக மலைக்குப் போன இடத்தில் இறந்தான் என்பதில் அவருக்கு ஏதோ ஒரு ஆறுதல் இருந்ததைப் பார்த்தேன்.

தனம் கூடாரத்தை மடியில் பிரித்து வைத்துத் துணியைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் கை ஓரிடத்தில் நின்றது. உள்பக்கம், தலை வரும் இடத்தில், சின்னச் சின்னப் பைகளாகத் துணி வைத்துக் கைத்தையல் போட்டிருந்தது. அலசும்போது நானும் அதைப் பார்த்திருந்தேன். உள்ளே இருந்தவற்றை எடுக்க மனம் வராமல் அப்படியே விட்டிருந்தேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள். சீப்பு. நகவெட்டி. சவரக் கத்தி. பல் தேய்க்கும் பிரஷ். கைப்பிடி உடைந்த சின்னக் கண்ணாடி.

"இந்தக் கிழிசல் தையல் மெஷின் தையல். இந்தப் பைங்கதான் அண்ணன் தச்சது. அவன் இப்படித்தான் தச்சி முடிச்சி ரெண்டு முடி போடுவான்" என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டு நாளு லீவுக்குப் போறவன் நகவெட்டிக்குப் பை தைப்பானாங்க?"

தெரு முழுக்கத் தறிச் சத்தம். இந்த வீட்டுத் தறி மட்டும் நின்றிருந்தது.

ஏழுமலை எழுந்தார். "இத எப்படிக் கட்றதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியும் என்றேன்.

"கட்டிக் காட்டுங்க."

கொல்லையில் ஒரு தென்னை, ஒரு முருங்கை, தண்ணீர்த் தொட்டி நிற்கும் சிமென்ட் தூண். முருங்கை தாங்காது. தென்னைக்கும் தூணுக்கும் இடையில் கட்டலாம். கயிற்றை எடுத்தவன் பழக்கத்தில் தலையைத் தூக்கி மேலே பார்த்தேன்.

"மேல இன்னா பாக்குறீங்க?"

"காய்ந்த மட்டை, காய், ஏதாவது விழுமான்னு. கட்டுறதுக்கு முன்னாடி எப்பவும் பார்க்கணும்யா."

"இத அவனுக்குச் சொல்லிக் குடுத்தீங்களா?"

"சொன்னேன்."

உண்மையில் சொன்னேன். அவன் பார்த்தும் இருப்பான். சாய்ந்தது பட்டமரம் இல்லை. இலையும் தழையுமாக இருந்த பச்சை மரம், ஊறிப்போன மண்ணிலிருந்து வேரோடு வந்தது.

கட்டி முடித்ததும் ஏழுமலை அதைச் சுற்றி வந்து பார்த்தார். மதில் மேலாக எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டம்மா, "இன்னாது அது, பெரியவருக்குத் தூளியா?" என்று சிரித்தார். "அக்கா, எங்கண்ணன் படுத்துகினு இருந்தது" என்றாள் தனம். அந்த அம்மாவின் தலை மதிலுக்குக் கீழே மறைந்தது.

"நான் ஏறணும்" என்றார் ஏழுமலை.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். முதலில் உட்காரவைத்து, பிறகு காலைத் தூக்கி உள்ளே விட்டேன். அவர் எடை மிகக் குறைவு. வலையின் ஜிப்பை நானே இழுத்து மூடினேன். வெளியிலிருந்து பார்த்தால் துணிக்குள் அவர் முதுகும் குதிகாலும் மட்டும் தெரிந்தன. தனம் சமையலறை வாசலில் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். வெயில் தூணின் உச்சிக்கு வந்துவிட்டது. அவர் அசையவே இல்லை. வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இதுல எத்தினி நாளு இருந்தான்?"

விமானத்தில் தயாரித்தது எதுவும் எனக்கு உதவவில்லை.

"ஏழு மாசம்யா" என்றேன். "வேலை பார்த்த கடையை மூடிட்டாங்க. தங்கியிருந்த இடமும் அதோட போச்சு. காலையில காய்கறிச் சந்தையில மூட்டை தூக்கிட்டு இருந்தான். அங்கேயே குழாயில குளிப்பான். போலீஸ் விசாரிச்சு சொன்னாங்க."

"எங்ககிட்ட ஓட்டல்லயே இருக்கேன், ரூம்ல நாலு பேரு, ஃபேன் இருக்குதுன்னு சொல்லிகினு இருந்தானே" என்றாள் தனம். "ஃபேன் சத்தம்கூடக் கேக்குதுன்னு சொன்னனே நானு."

அவள் கேட்டது எதன் சத்தமோ தெரியவில்லை. நெடுஞ்சாலையாக இருக்கலாம், பூச்சியாக இருக்கலாம். உள்ளேயிருந்து கிழவர் சொன்னார்: "கால் நல்லா நீட்ட முடியுது." அதற்குப் பிறகு அவர் தோள் குலுங்கிக் கூடாரமே ஆடியது. தென்னை மரத்து முடிச்சை மறுபடி ஒருமுறை சரிபார்ப்பதுபோல நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று மத்தியானம் என்னைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை. சோறும் கருவாட்டுக் குழம்பும். "மலேசியாவுல இதெல்லாம் கெடைக்குமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தனம் உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் நாள் ஊரைச் சுற்றினேன். சொல்லாமல் வைத்திருந்தது இன்னும் ஒன்று இருந்தது. அதைச் சொல்லப் போகாமல் இருக்கத்தான் சுற்றினேன் என்று சொல்ல வேண்டும். ஒரு பட்டுக் கடையில் தெரியாமல் ஏறிவிட்டேன். எந்த ஊர் என்று கேட்டார்கள், சொன்னேன். "மலேசியா பார்ட்டிங்களா? வாங்க, உக்காருங்க" என்று உபசரித்து, கேட்காமலே பத்துப் புடவைகளைப் பிரித்துப்போட்டார்கள். ஒவ்வொன்றையும் பிரிக்கும்போது துணி சரசரத்தது. மனைவிக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டார்கள். சட்டென்று நினைவுக்கு வரவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

டீக்கடையில் எனக்குப் பக்கத்து பெஞ்சில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான் பையனுக்கு மலேசியா விசா வந்துடுச்சி."

"இன்னா வேல?"

"ஏதோ ஓட்டலு. அங்க போய்ட்டா அப்புறம் இன்னா பிரச்சன? நம்ம ஆளுங்கதான் அங்க முழுக்க கீறாங்க. பாத்துக்க மாட்டாங்களா?"

நம்ம ஆளுங்க. நான் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் டீ கெட்டியாக, பால் தூக்கலாக இருக்கும். இது தண்ணீராக, சர்க்கரையாக இருந்தது. அவர்களிடம் திரும்பி ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கிளாஸை வைத்துவிட்டு நேராக முரளியின் வீட்டுக்குப் போனேன்.

ஏழுமலை ரேஷன் கடைக்குப் போயிருந்தார். தனம் தறியில் இருந்தாள். கொல்லைப் பக்கம் பார்த்தேன், கூடாரம் அவிழ்க்கப்படாமல் அப்படியே தொங்கியது. "அப்பா காலைலயும் அதுலதான் படுத்துகினு இருந்தாரு" என்றாள்.

தறிக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா. அவன் இறந்துபோறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி என் கடைக்கு வந்தான்."

தறி நிற்கவில்லை. அவள் கேட்கிறாள் என்று தெரிந்தது.

"மழையில நனைஞ்சிட்டு வந்தான். 'பாஸ், காத்து பலமா இருக்குது, மரம் ரொம்ப ஆடுது, எறக்கித் தரையில கட்டிக்கட்டுமா?'ன்னு கேட்டான். நான் சரக்கு அடுக்கிட்டு இருந்தேன். 'மழைக்காலத்துல தரை வேண்டாம், தண்ணி ஏறும், பாம்பு வரும், மரத்துலயே இருக்கட்டும்'னு சொன்னேன். 'சரிங்க பாஸ்'னு சொல்லிட்டுப் போயிட்டான்."

தறி நின்றது.

"அன்னைக்கு புதன்கிழமை" என்றேன். "லீவு நாள் கிடையாது. அவன் அதுலதான் குடியிருக்கான்னு எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும். ரெண்டு மூணு மாசமாவே தெரியும். துவைச்சும் காயாத சட்டை, நனைஞ்ச செருப்பு. கேட்டா ஏதாவது செய்ய வேண்டியிருக்குமேன்னு நான் கேக்கல."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்றும் நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத்தான் அங்கே போயிருந்தேன். அவள் அறுந்துபோன ஒரு இழையைத் தேடி எடுத்து, விரலால் முறுக்கி முடிந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"மரத்துல கட்றதா தரையில கட்றதான்னு எங்கண்ணனுக்குத் தெரியாதாங்க? ஏழு மாசம் அதுலயே இருந்தவன். மழையில அத்தினி தூரம் நடந்து அத கேக்கவா உங்க கடைக்கு வந்தான்?"

முடிந்த இழையின் நுனியைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"உங்க வூட்ல எடம் இல்லியா?"

இருந்தது. கடைக்கு மேலே ஒரு அறை. ஜன்னல், விளக்கு, தண்ணீர்க் குழாய் எல்லாம் உண்டு. விற்காத கூடாரங்களை அட்டைப்பெட்டியோடு அதில் அடுக்கி வைத்திருக்கிறேன்.

"இருந்ததும்மா" என்றேன்.

தனம் தலையசைத்தாள். மறுபடி தறியை இழுத்தாள். அந்தச் சின்ன அறையில் அந்தச் சத்தத்துக்கு நடுவே நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. நானாக எழுந்து வந்தேன்.

நான்காம் நாள் காலையில் எனக்குச் சென்னை பஸ். சொல்லிக்கொள்ளாமல் போய்விடலாம் என்று லாட்ஜை விட்டு இறங்கி, பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டுத் திரும்பினேன். வீட்டு வாசலிலேயே ஏழுமலை நின்றிருந்தார். தனம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்பது அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. இரவெல்லாம் தூங்காத கண்கள். கையில் கூடாரம் இருந்தது. தானே அவிழ்த்து, என்னைவிட நேர்த்தியாக மடித்து வைத்திருந்தார்.

காலில் விழுந்துவிடலாமா என்று தோன்றியது. அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"தரையில கட்றது எப்படி? அத காட்டிட்டுப் போங்க" என்றார்.

கொல்லைக்குப் போனோம். முருங்கைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் சமமான இடம் இருந்தது. தறிக்கென்று மூலையில் சாத்தி வைத்திருந்த இரண்டு மூங்கில் கழிகளைத் தனம் கொண்டுவந்து கொடுத்தாள். முளைக்கு மரக்குச்சி நான்கு சீவினேன். மண் கெட்டியாக இருந்தது, ஒரு கருங்கல்லால் அடித்து இறக்கினேன். கழிகளை நிறுத்தி, மேலே கயிற்றை இழுத்து, துணியின் நான்கு மூலைகளையும் முளையில் மாட்டினேன். மழைத்துணியை மேலே போட்டு, ஓரத்தைத் தரைவரை இழுத்துவிட்டேன். என் கைக்கு மனப்பாடமான வேலை. கடையில் வருகிறவர்களுக்குத் தினமும் செய்துகாட்டுவது. பேசிக்கொண்டே செய்வேன். அன்று பேசாமல் செய்தேன்.

நிமிர்ந்தபோது கூடாரம் நின்றுகொண்டிருந்தது. இடுப்பு உயரம். ஒரு ஆள் நீளம்.

ஏழுமலை கிட்டே வந்து குந்தினார். கயிற்றைச் சுண்டிப் பார்த்தார். முளையைக் காலால் மிதித்துப் பார்த்தார். மழைத்துணியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, அதைப் பழையபடி விட்டு ஓரத்தை நீவிவிட்டார்.

"அவ்ளோதானா?" என்றார்.

"அவ்வளவுதான்யா" என்றேன்.

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "கட்டி முடிக்க எத்தினி நேரம் ஆச்சு?"

தனம் போனை எடுத்துப் பார்த்தாள்.

"பத்து நிமிஷம்கூட ஆவலப்பா."